டாக்கா பார்லிமெண்ட் கட்டடத்த வச்சு செஞ்ச கைவேலை வாட்ச், போட்டுப் பாத்துட்டு எழுதுறேன்

முதல்லயே சொல்லிடறேன், இது கடைக்குப் போய் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாத்து வாங்குற வாட்ச் இல்ல. ஒரே ஒரு ஆள், சின்ன பட்டறை, ஒரு லேத், ஒரு மில்லிங் மெஷின், மத்ததெல்லாம் அரமும் உப்புத்தாளும் பொறுமையும்தான். அவர் பேர இங்க போடல. கீழ குறையும் நிறைய சொல்லப்போறேன், தனியா உக்காந்து உழைக்கிற மனுஷன் பேரோட சேத்து அத எழுதுறது எனக்கு சரியா படல. ஆனா இந்த மாதிரி ஒரு ஆள்கிட்ட சொல்லி வாட்ச் செய்ய நினைக்கிறவங்களுக்கு என்ன கேக்கணும், எதுல ஏமாறக்கூடாது, எத விட்டுக்கொடுக்கலாம்னு தெரியணும்ல, அதுக்குத்தான் இந்த ரிவ்யூ. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

எனக்கு "ஆர்க்கிடெக்சர் இன்ஸ்பயர்டு"னு போட்ட வாட்ச் மேல எப்பவுமே ஒரு சந்தேகம் உண்டு. பாதி வாட்ச்ல என்ன நடக்குதுன்னா ஏதோ ஒரு ஃபேமஸ் பில்டிங்கோட முகப்ப டயல்ல லேசர்ல கீறி வச்சிருப்பாங்க, இல்லன்னா கேஸ் (வாட்ச்சோட வெளிக்கூடு) ஓரத்துல நாலு படிக்கட்டு மாதிரி வெட்டிட்டு விளம்பரத்துல பெரிய பெரிய வார்த்தை. அது கட்டடம் இல்லங்க, கட்டடத்தோட போட்டோ. கட்டடம்னா சுமை எங்க இறங்குது, ஒரு சுவரும் இன்னொரு சுவரும் எப்படி சேருது, வெளிச்சம் எங்கருந்து உள்ள வருது, இதெல்லாம்தான். அத ஒரு நாப்பது மில்லிமீட்டருக்குள்ள யோசிச்சுப் பாத்தவங்க ரொம்ப கம்மி.

இதுல வேடிக்கை என்னன்னா, நிஜமான ஆர்க்கிடெக்ட்டுங்க கடிகாரம் டிசைன் பண்ணப்ப கட்டடத்த உள்ள கொண்டு வரவே இல்ல. மேக்ஸ் பில் பௌஹவுஸ்ங்கற ஜெர்மன் டிசைன் ஸ்கூல்ல படிச்ச ஆளு, ஆர்க்கிடெக்ட், யுங்ஹான்ஸ் கம்பெனிக்கு 1956ல சமையலறைக் கடிகாரமும் 1961ல கைக்கடிகாரமும் பண்ணிக் கொடுத்தாரு. ரெண்டுலயும் மெல்லிசு கோடு, சுத்தமான எண், அவ்ளோதான். ஆர்னே யாகோப்சன் டென்மார்க் நேஷனல் பேங்குக்காக 1971ல பண்ண பேங்கர்ஸ் கடிகாரத்துல எண்ணே கிடையாது, ஒவ்வொரு மணிக்கும் 12 குட்டி கட்டம், அதுல ஒன்னு மட்டும் நிரப்பியிருக்கும், சுத்தி வர்றப்ப அதுவே ஒரு சுருள் மாதிரி தெரியும். பெரிய பெரிய கட்டடம் யோசிச்ச ஆளுங்க கடிகாரத்த இவ்ளோ லேசா விட்டுட்டாங்க, கட்டடம் கட்டாத கம்பெனிகாரங்கதான் கான்கிரீட்ட கையில ஏத்துறாங்க.

விதிவிலக்கும் இருக்கு, இல்லன்னு சொல்லல. புல்காரி ஆக்டோவோட எட்டு மூலை ரோம்ல இருக்குற மாக்சென்டியஸ் பசிலிக்காவோட கூரைப் பள்ளங்கள்ல இருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க, அந்த வரிசையில ஜப்பான் ஆர்க்கிடெக்ட் தடாவோ ஆண்டோவோட சேந்து பண்ண எடிஷன்ல டயல் முழுக்க சுருள் கோடு ஓடும், அதுல ஒரு அடக்கம் இருக்கும். கோரம் கோல்டன் பிரிட்ஜ்னு ஒன்னு, வின்சென்ட் கலாப்ரேசே யோசிச்சது, 1980ல வந்துச்சு. மூவ்மெண்ட்டோட, அதாவது வாட்ச ஓட்டுற உள் மெஷினோட, மொத்த பாகத்தையும் ஒரே நேர்க்கோட்டுல நிக்க வச்சு சுத்தி கண்ணாடி போட்டிருப்பாங்க, டயல்னு தனியா ஒன்னு தேவையே படல, தாங்குற சட்டமே முகம் ஆயிடுச்சு. எனக்கு அதுதான் அளவுகோல். அப்படி ஒன்ன நம்ம கைக்கு எட்டுற மாதிரி யாராவது பண்ணுவாங்களான்னு தேடிட்டு இருந்தப்பதான் இந்த ஆளோட வேலை கண்ணுல பட்டுச்சு.

அவர் எடுத்துக்கிட்டது ஆர்க்கிடெக்ட் லூயிஸ் கானோட டாக்கா பார்லிமெண்ட். 1982ல வேலை முடிஞ்சது, கான் அத முழுசா பாக்கல, 1974லயே போய் சேந்துட்டாரு. சுத்தி செயற்கை ஏரி, நடுவுல சாம்பல் கலர்ல பிரம்மாண்டமான கான்கிரீட் சுவர், சுவர்ல பெரிய பெரிய வட்டமும் முக்கோணமும் வெட்டி எடுத்த மாதிரி ஓட்டை. அந்த ஓட்டைக்குப் பின்னாடி நேரா ரூம் இருக்காது, இடைவெளி விட்டு உள்ள இன்னொரு சுவர் இருக்கும். வெயிலும் மழையும் வெளிச்சுவரோட நின்னுடும், உள்ள போறது நிழல் வழியா வடிகட்டின வெளிச்சம்தான். இன்னொரு விஷயம், கான்கிரீட்ட ஒரு தடவைக்கு 5 அடி உயரம்தான் ஊத்தினாங்க. ஒரு தடவை ஊத்தினதுக்கும் அடுத்த தடவைக்கும் நடுவுல கோடு விழும்ல, அத பூசி மறைக்காம அங்க வெள்ளை மார்பிள் பட்டை வச்சாங்க. தூரத்துல இருந்து பாத்தா சாம்பல் சுவர்ல வெள்ளைக் கோடு வரிசையா போகும். அழகுக்கு வச்ச மாதிரி தெரியும், ஆனா வேலை எப்படி நடந்துச்சுங்கறதோட கணக்கு அது.

இந்த வாட்ச்ல அந்தக் கட்டடத்தோட உருவம் எங்கயும் கிடையாது. சொல்லலன்னா யாருக்கும் டாக்கா ஞாபகம் வராது. அவர் எடுத்தது மூணே விஷயம்: ரெட்டைச் சுவர், ஓட்டை வழியா வர்ற வெளிச்சம், மார்பிள் பட்டை. கேஸ் ஒரு செவ்வகக் கட்டி, 36க்கு 40 மில்லி, 316எல் ஸ்டீல், மணல் அடிச்ச மாதிரி மங்கலான சாம்பல். மேல 2 மில்லி கனத்துல ஒரு தகடு, அதுதான் வெளிச்சுவர், அதுல 22 மில்லி வட்டம் வெட்டியிருக்கு. அந்த வட்டம் நட்ட நடுவுல இல்ல, மேல் வலது மூலைப் பக்கமா தள்ளியிருக்கு, அதனால இடப்பக்கமும் கீழயும் வெறும் சுவர் நிறைய தெரியும். சஃபையர் கண்ணாடி அந்தச் சுவருக்கு *கீழ* இருக்கு. அதாவது விரல வச்சா நேரா ஸ்டீல் சுவரையும் ஓட்டையோட ஓரத்தையும் தொடலாம். சாதாரண வாட்ச்ல கண்ணாடிதான் கூரை, இதுல அது ஜன்னல்.

மூவ்மெண்ட் விஷயத்துல அவர் யோசிச்சது எனக்கு ரொம்ப பிடிச்சுது. பொதுவா கையால வாட்ச் செய்யறவங்க யூனிடாஸ் 6497 மேல கை வைப்பாங்க, பாக்கெட் வாட்ச்ல இருந்து வந்த மூவ்மெண்ட், பெருசு, உறுதி, எல்லாருக்கும் பழக்கம். ஆனா அது 36.6 மில்லி அகலம். அத போட்டா கேஸோட வடிவத்த மூவ்மெண்ட்டே முடிவு பண்ணிடும், வட்டத்த ஓரமா தள்றதெல்லாம் கனவுலதான். இவர் பெஸ்யூ 7001ங்கற சின்ன மூவ்மெண்ட்ட எடுத்தாரு. 23.3 மில்லி அகலம், 2.5 மில்லிதான் கனம், உராய்வு குறைக்க 17 கல்லு, சாவி கொடுக்குற டைப், முழுசா சாவி கொடுத்தா 42 மணி நேரம் ஓடும். சின்னதுங்கறதால செவ்வகத்துக்குள்ள எந்த மூலையில வேணாலும் உக்கார வைக்கலாம். முதல்ல அவருக்கு இருந்த ஐடியா டயலையே சாய்வா வைக்கிறது, கூரை சரிவு மாதிரி 15 டிகிரி. கணக்கு போட்டா 23.3 மில்லி மூவ்மெண்ட் 15 டிகிரி சாஞ்சா ஒரு முனை 6 மில்லி மேல ஏறிடும், அதுக்கு மேல சுவர் கண்ணாடி எல்லாம் வேற. சட்டைக் கைக்குள்ள போகவே போகாது. அத தூக்கிப் போட்டுட்டு நேரா வச்சுட்டாரு. ஸ்கெட்ச் பாத்தேன், படத்துல செம்மயா இருந்துச்சு, ஆனாலும் தூக்கிப் போட்டது சரிதான்.

இப்ப அந்த வெள்ளைக் கோடு. இதுலதான் மொத்த கைவேலையும் இருக்குன்னு சொல்லலாம். சுவர்ல 12 வெள்ளிக் கோடு, வெளி ஓரத்துல இருந்து ஓடி வந்து வட்ட ஓட்டையோட விளிம்புல மடங்கி உள்பக்கச் சுவர்ல கீழ இறங்கி கண்ணாடிய தொட்டு நிக்கும். அதுதான் மணி குறி, வேற எண்ணும் கிடையாது புள்ளியும் கிடையாது. ஸ்டீல்ல பள்ளம் வெட்டி, பள்ளத்தோட அடி மேல விட அகலமா இருக்குற மாதிரி சின்ன உளியால குடைஞ்சு, அதுல சுத்த வெள்ளிக் கம்பிய வச்சு தட்டுவாரு. வெள்ளி மெத்துன்னு இருக்கறதால விரிஞ்சு அடியில போய் பிடிச்சுக்கும், பசையே தேவையில்ல. அப்புறம் அரத்தால சமப்படுத்தணும்.

இங்க ஒரு சிக்கல் வருது பாருங்க. சுவர் மங்கலா இருக்கணும்னா பொடிப்பொடி கண்ணாடி உருண்டைய காத்து அழுத்தத்துல அது மேல வீசி அடிக்கணும். முதல்லயே அடிச்சுட்டு அப்புறம் வெள்ளி பதிச்சா, அரம் போடறப்ப கோட்டுக்கு ரெண்டு பக்கமும் ஸ்டீல் பளபளன்னு ஆயிடும். வெள்ளி பதிச்சுட்டு அடிச்சா வெள்ளியும் சேந்து மங்கிடும், கோடே தெரியாது. இவர் என்ன பண்ணாருன்னா, பதிச்சு, சமப்படுத்தி, எல்லாத்து மேலயும் அடிச்சுட்டு, அப்புறம் நல்லா பாலிஷ் பண்ண ஒரு ஸ்டீல் கூர்முனைய வச்சு ஒவ்வொரு வெள்ளிக் கோட்டையும் மட்டும் கையால அழுத்தி தேச்சு தேச்சு பளபளப்பு கொண்டு வந்தாரு. வெள்ளி அழுத்தத்துக்கு மடங்கும், ஸ்டீல் மடங்காது, அதனால கை லேசா நழுவினாலும் பெருசா தெரியாது. லூப் (பூதக்கண்ணாடி) வச்சுப் பாத்தா கோட்டு ஓரம் அங்கங்க முடி அளவுக்கு நெளியுது. மெஷின்ல இப்படி வராது, எனக்கு அந்த நெளிவு பிடிச்சிருக்கு. சுத்தமான நேர்க்கோடு வேணும்ங்கறவங்களுக்கு எரிச்சலா இருக்கும்.

ஆனா வெள்ளி கறுக்கும், அத யாரும் மறக்கக்கூடாது. காத்துல இருக்குற கந்தகம் பட்டு மேல சல்ஃபைடு படலம் வரும், வேர்வை வேற. கறுத்துட்டா சாம்பல் சுவர்ல கறுப்புக் கோடு, பாக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் மங்கின வெளிச்சத்துல மணி குறி எங்கன்னு தேடணும். கறுக்காம இருக்க ரோடியம் பூச்சு போட்டுக் கொடுங்கன்னு கேட்டேன், முடியாதுன்னுட்டாரு. பூச்சு போட்டா அது வெள்ளியோட நிறம் இல்லன்னு அவர் வாதம். எனக்கு இதுல உடன்பாடு இல்ல, டெய்லி மணி பாக்குறது நான்தானே. இப்ப வெள்ளி துடைக்குற துணி ஒன்னு டேபிள்லயே கிடக்கு.

உள்சுவருக்கு வருவோம். கண்ணாடிக்கு அடியில மணி முள், நிமிஷ முள், அதுக்கும் அடியில இன்னொரு மெல்லிசு தகடு, அந்தத் தகட்டுல ஆறு மணி பக்கத்துல ஒரு முக்கோண ஓட்டை. செகண்ட் முள் அந்தத் தகட்டுக்குக் கீழ ஓடுது. இதுக்காக நிமிஷ முள்ள தாங்குற கேனன் பினியன், மணி முள்ள தாங்குற மணிச் சக்கரம் ரெண்டையும் கொஞ்சம் உயரமா தானே புதுசா கடைஞ்சு போட்டிருக்காரு. ஒரு வட்டத்துக்குள்ள சரியா பொருந்துற முக்கோணம்னா மூணு மூலை மட்டும்தான் வட்டத்தோட விளிம்பத் தொடும், பக்கத்தோட நடுவுல பாதி தூரம்தான் வரும். அதனால செகண்ட் முள்ளோட நுனி மூணு மூலையில மட்டும் தலைய காட்டும், மத்த நேரம் சுவருக்குப் பின்னாடி போயிடும். 20 செகண்டுக்கு ஒரு தடவை நுனி எட்டிப் பாத்துட்டுப் போகும். தாழ்வாரத்துல யாரோ நடந்து போறது தூணுக்கு நடுவுல தெரிஞ்சு தெரிஞ்சு மறையுமே, அதே உணர்வு. இந்த வாட்ச்ல எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இதுதான். எந்த அலங்காரமும் இல்லாம வெறும் வடிவ கணக்க வச்சு ஒரு விளையாட்டு. செகண்ட் கணக்கா எதையாவது அளக்கணும்னா இத நம்பாதீங்க, ஃபோன எடுத்துக்கோங்க.

மணி பாக்குறது எப்படி இருக்குன்னு கேட்டா, நேரா பாத்தா பிரச்சினையே இல்ல. சாய்வா பாத்தா இருக்கு. குறி கண்ணாடிக்கு மேல, முள் கண்ணாடிக்குக் கீழ, நடுவுல கண்ணாடி 1 மில்லி, அப்புறம் அரை மில்லி இடைவெளி. 22 மில்லி வட்டத்தோட விளிம்புல ஒரு நிமிஷத்துக்கு 1.15 மில்லிதான் இடம். 30 டிகிரி சாய்ச்சுப் பாத்தா, சஃபையர் ஒளிய வளைக்கிறதையும் சேத்துக் கணக்குப் போட்டா, முள் கிட்டத்தட்ட 0.6 மில்லி தள்ளித் தெரியும், அதாவது அரை நிமிஷம். கூடவே 2 மில்லி சுவரு நம்ம பக்கத்து விளிம்ப கொஞ்சம் மறைக்கும். ட்ரெயின் பிடிக்க ஓடறவங்களுக்கு அரை நிமிஷம் பெருசுதான், எனக்கு ஓகே. 12 கோடுக்கு நடுவுல நிமிஷக் குறியே இல்லாத வாட்ச்ல அரை நிமிஷத்த யாரு பாக்கப்போறா.

வெளிச்சம்தான் இதோட நிஜமான வெற்றி. காலைல ஜன்னல் பக்கம் கைய நீட்டினா வட்டத்தோட ஒரு ஓரத்துல இருந்து நிழல் பிறை மாதிரி டயல்ல விழும், கைய திருப்பத் திருப்ப அந்தப் பிறை சுத்தும். மத்தியானம் தலைக்கு மேல லைட் இருந்தா நிழல் ஒல்லியாகி காணாமலே போயிடும். முள்ளு ரெண்டும் நீலமாக்கின ஸ்டீல், பித்தளைத் தூள் மேல வச்சு சூடு காட்டி ஒரு 300 டிகிரி கிட்ட வர்றப்ப நீலம் ஏறுனதும் சட்டுனு எடுத்துடணும், ஒரு நொடி விட்டா நீலம் வெளுத்து சாம்பலாயிடும். நல்ல வெளிச்சத்துல அந்த நீலம் ஜொலிக்குது. மங்கின இடத்துல கறுப்பா தெரியும். ராத்திரில சுத்தமா ஒன்னும் தெரியாது, லூம் (இருட்டுல ஒளிர்ற பூச்சு) கிடையாது. லூம் கேட்டேன், அதுக்கும் முடியாதுன்னாரு. தேதியும் கேட்டேன், அதுக்கு இடமே இல்லன்னு படம் வரைஞ்சு காட்டினாரு, அது நியாயம்.

சரி, குறைக்கு வர்றேன். பெரிய குறை கிரவுன், அதாவது சாவி கொடுக்குற திருகு.

சாவி கொடுக்குற வாட்ச்ல நம்ம விரல் தினமும் தொடுற ஒரே பாகம் கிரவுன்தான். 42 மணி நேரம்னா நடைமுறையில தினமும் காலைல சாவி கொடுக்கணும். அப்படிப்பட்ட பாகத்த, சுவரோட நேர்க்கோடு கெட்டுடக்கூடாதுன்னு, பக்கத்துச் சுவருக்குள்ளயே பதிச்சு வச்சுட்டாரு. கீழ்ப்பக்கம் நகம் போற அளவுக்கு ஒரு வெட்டு மட்டும் இருக்கு. என் விரலு கொஞ்சம் தடிமன், பாதி சுத்து சுத்தினாலே வழுக்குது, வேர்த்த கையோட சுத்தவே முடியாது. நேரம் மாத்த வெளிய இழுக்கணும்னா நகம்தான் ஆயுதம். சொன்னதும் கிரவுன கழட்டி பல்ல இன்னும் ஆழமா வெட்டிக் கொடுத்தாரு, கொஞ்சம் பரவால்ல, ஆனா தீரல. கதவு திறக்க கஷ்டமா இருக்குற வீட்ட எவ்ளோ அழகா கட்டினா என்ன. யாராவது இந்த மாதிரி ஆர்டர் பண்ணா, மாடல் ஸ்டேஜ்லயே கிரவுன சுத்திப் பாத்துடுங்க. அவர் ரெசின்ல 3டி பிரிண்ட் பண்ணி கையில கட்டிப் பாக்க ஒன்னு கொடுத்தாரு, அப்புறம் பித்தளையில ஒன்னு, ரெண்டுலயும் கிரவுன் வெறும் டம்மி, சுத்தாது. அளவும் எடையும் பாக்க ரெண்டும் ரொம்ப உபயோகம். சுத்துற கிரவுன் ஒன்னு பித்தளை மாடல்லயே போட்டிருந்தா இது அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்.

அடுத்தது தூசி. கண்ணாடி சுவருக்குக் கீழ இருக்குதுன்னு பெருமையா சொன்னேன்ல, அந்த 2 மில்லி பள்ளத்தோட ஓரத்துல எல்லாம் வந்து சேரும், தூசி, துணி நூலு, சோப்பு. சட்டையில துடைச்சா நடுவுல மட்டும் சுத்தமாகும், ஓரம் அப்படியே இருக்கும். மெத்து பிரஷ் ஒன்னு வேணும். தண்ணி விட்டு கழுவலாமான்னா, 3 பார்னு சொல்லித்தான் கொடுத்தாரு. 30 மீட்டர்னு படிச்சுட்டு யாரும் குளத்துல குதிச்சுடாதீங்க, கை கழுவுறப்ப தெளிக்கிற தண்ணி, மழைத் தூறல், அவ்ளோக்குத்தான் அது. இங்க ஒரு நல்ல முடிவையும் சொல்லணும். கேஸ் செவ்வகமா இருந்தாலும் கண்ணாடி வட்டம்தான். வட்டக் கண்ணாடி, தண்ணி புகாம தடுக்குற வட்ட கேஸ்கெட் எல்லாம் ரெடிமேடா கிடைக்கும், சுத்தி ஒரே அழுத்தத்துல உக்காரும், நாளைக்கு உடைஞ்சா மாத்தலாம். செவ்வகக் கண்ணாடி போட்டிருந்தா மூலையில கசிவு வர்ற வாய்ப்பு அதிகம், சஃபையர்ல தனியா வெட்டி வாங்கவும் பாடு. சுவர்தான் வடிவத்த காட்டுது, கண்ணாடி பின்னாடி நின்னு அதோட வேலைய பாக்குது.

கையில எப்படி இருக்கு? 90 கிராம் பக்கம் வரும், முழு ஸ்டீல் கட்டில்ல. டைட்டானியம்னா கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சிருக்கும், ஆனா டைட்டானியத்துல வெட்டுறப்ப சூடு வெளிய போகாம உளி முனையிலயே நிக்கும், டூல் சீக்கிரம் தேயும், சின்ன மெஷின் வச்சிருக்கவங்களுக்கு அது தலைவலி. கனம் 10 மில்லி, பரவால்ல. முதல்ல கொடுத்தப்ப கீழ் மூலை ரெண்டும் புறங்கையில குத்துச்சு, மணிக்கட்ட மடக்கினா தோல்ல கோடு விழும். திருப்பிக் கொடுத்தேன், அடிப்பக்கத்து விளிம்ப மட்டும் சரிவா வெட்டிக் கொடுத்தாரு, மேல பாக்குறப்ப கட்டி இன்னும் கூர்மையாத்தான் தெரியுது. இந்த மாதிரி திருத்தம் கம்பெனி வாட்ச்ல நடக்குமா? நடக்காது. ஸ்ட்ராப் மாட்ட வெளிய நீட்டிட்டு இருக்குற லக் கிடையாது, கேஸோட அடியில ரெண்டு வெட்டு, அது வழியா ஒரே துண்டு லெதர் ஸ்ட்ராப் நுழைஞ்சு வரும். பாக்க சுத்தமா இருக்கு, ஆனா ஸ்ட்ராப்ப பிடிச்சுக்குற ஸ்பிரிங் பார் கம்பி இல்லாததால வெளிய கிடைக்குற ரெண்டு துண்டு ஸ்ட்ராப் எதுவும் சேராது.

ஓட்டம் நல்லா இருக்கு. என் கையில ஒரு நாளைக்கு ஏழெட்டு செகண்ட் வேகமா ஓடுது. சுவிஸ் க்ரோனோமீட்டர் சான்றிதழுக்கு சராசரியா மைனஸ் 4ல இருந்து பிளஸ் 6க்குள்ள இருக்கணும், அதுக்கு கொஞ்சம் வெளிய, சான்றிதழ் வாங்காத ஒரு கைவேலை வாட்ச்சுக்கு இது தாராளம். 7001ல கிரவுன இழுத்தா செகண்ட் முள் நிக்காது, அது பாட்டுக்கு ஓடும், அதனால செகண்ட் சுத்தமா நேரம் வைக்க முடியாது. இதுல நுனியே மூணு இடத்துலதான் தெரியுது, நின்னாத்தான் என்ன நிக்காட்டித்தான் என்ன. பின்பக்கம் மூடின ஸ்டீல் தகடு, நாலு ஸ்க்ரூ. இந்த மூவ்மெண்ட்ல பாக்க பெருசா அலங்காரம் பண்ணல, கண்ணாடி போட்டுக் காட்ட ஒன்னும் இல்லன்னு அவரே சொன்னாரு, எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. எல்லாத்துக்கும் பின்னாடி கண்ணாடி போடுற பழக்கம் எப்ப ஒழியுமோ.

சர்வீஸ் பத்தி கட்டாயம் சொல்லணும். மூவ்மெண்ட் எல்லாருக்கும் தெரிஞ்சது, நல்ல மெக்கானிக் யாரும் கழட்டி எண்ணெய் போட்டுக் கொடுப்பாங்க. ஆனா அந்த உயரமான கேனன் பினியனும் மணிச் சக்கரமும் உலகத்துல வேற எங்கயும் கிடைக்காது. அது தேஞ்சாலோ, கழட்டுறப்ப யாராவது வளைச்சுட்டாலோ, செஞ்சவர்தான் திரும்ப செய்யணும். ஒரு ஆள் நடத்துற பட்டறை நாளைக்கு இருக்குமான்னு யாருக்குத் தெரியும். அதனால பிடிவாதமா கேட்டு ஒரு செட் எக்ஸ்ட்ராவும், அளவு போட்ட வரைபடமும் வாங்கி வச்சிருக்கேன். கேட்டதும் முகம் கொஞ்சம் மாறுச்சு, ஆனா கொடுத்துட்டாரு. வரைபடம் இருந்தா நல்ல லேத்காரர் எவரும் கடைஞ்சு கொடுத்துடுவாரு. இதையெல்லாம் வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பேசிக்கிறது நல்லது.

டைம் விஷயத்துல ரொம்ப எதிர்பாக்காதீங்க. சொன்ன தேதிய விட ரொம்பவே தள்ளிப் போச்சு, நடுவுல சில சமயம் பதிலே வராது, அப்புறம் திடீர்னு ஒரு ராத்திரி பத்து போட்டோ வரும், வெள்ளி பதிச்சது, அடிச்சது, தேச்சதுன்னு. அந்த போட்டோ பாத்தா கோவம் போயிடும், அதுதான் ஆபத்து. எழுத்துல ஒரு அட்டவணை வாங்கிக்கோங்க, எந்த ஸ்டேஜ்ல எவ்ளோ பணம்னு பிரிச்சு கொடுங்க, ரெசின் மாடல் கையில வந்தப்புறம்தான் அடுத்த பங்கு. நல்ல கைவேலைக்காரங்க இதுக்கு கோச்சுக்க மாட்டாங்க.

யாருக்கு இது செட் ஆகும்னா, ஏற்கனவே சாதாரணமா மணி பாக்க ஒரு வாட்ச் வச்சிருக்கவங்களுக்கு. ஒரே வாட்ச்தான் வாங்குவேன்னா இது வேண்டாம், ராத்திரி தெரியாது, தண்ணி ஆகாது, காலைல கிரவுனோட சண்டை. அஞ்சுக்கு நாலு ஸ்டார், அந்த ஒரு ஸ்டார் முழுக்க கிரவுனுக்காக கழிச்சது. ஆர்டர் பண்றவங்க ஸ்ட்ராப்ப மட்டும் ரெண்டு மூணா சேத்தே செஞ்சு வாங்கிடுங்க, அந்த அளவு வெட்டு வேற யாருகிட்டயும் ரெடியா இருக்காது, என்னோடது இப்பவே வேர்வையில ஓரம் கறுக்க ஆரம்பிச்சிருச்சு.